மூளையில் அடினோசின்: என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் பாடம் எடுக்கிறேன். அடினோசின் பாடம் நடக்கும் நாளில் மணி அடித்த பிறகும் வகுப்பு கலையாது. வராந்தாவில் நிறுத்திக் கேட்பார்கள். இரவுப் பணி முடித்து வரும் ஸ்டாஃப் நர்ஸ்கள் கேட்பார்கள். வீட்டுக்கு வந்தால் என் மாமியாரும் கேட்பார். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

காபி, தூக்கம் என்று இரண்டே சொல்லில் இந்தப் பொருளை முடித்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம். அது எப்படி உண்டாகிறது, எப்படி அகற்றப்படுகிறது என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஆகவே 2 முதல் 4 வரையுள்ள பதில்களை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

1. அடினோசின்னா என்ன மேடம்? ஹார்மோனா, மருந்தா, இல்ல கழிவா?

அடினின் என்ற காரமும் ரைபோஸ் என்ற சர்க்கரையும் சேர்ந்த ஒரு சிறிய மூலக்கூறு. ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. இதன் வாலில் மூன்று பாஸ்பேட்டுகளைக் கோத்தால் அதுதான் ஏடிபி, பள்ளியில் நாம் படித்த "செல்லின் எரிபொருள்". ஏடிபி என்ற பெயரிலேயே முதல் எழுத்து அடினோசினைத்தான் குறிக்கிறது.

கழிவு என்று சொன்னால் பாதிதான் உண்மை. எரிபொருள் செலவானதும் மிஞ்சுவது என்ற வகையில் கழிவு. ஆனால் அந்த மிச்சத்தைப் படித்துப் பார்க்கத் தனி ஏற்பிகளை, அதாவது அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை, உடல் வைத்திருக்கிறது, ஆகவே அது செய்தியும்கூட. 1929இல் ட்ரூரி, சென்ட்-ஜ்யோர்ஜி என்ற இருவர் இதயத் திசுவின் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தியபோது இதயத் துடிப்பு மெதுவாவதைக் கண்டார்கள். அதற்குக் காரணமாக அவர்கள் பிரித்தெடுத்தது அடினோசின் வகைப் பொருளைத்தான். மூளையில் அதற்கு உள்ள வேலை பல பத்தாண்டுகள் கழித்தே தெரியவந்தது.

2. அது எங்கேருந்து வருது? இதுக்குன்னு தனியா ஒரு சுரப்பி இருக்கா?

சுரப்பி எதுவும் இல்லை. இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, செல்லுக்கு வெளியே. நியூரான்களும் அவற்றைச் சுற்றியிருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களும் ஏடிபியை வெளியே விடுகின்றன. வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் இரண்டு நொதிகள் அதை வரிசையாக நறுக்குகின்றன. சிடி39 என்பது ஏடிபியை, ஒரே ஒரு பாஸ்பேட் மிஞ்சிய ஏஎம்பி வரை கொண்டுவரும். கடைசி பாஸ்பேட்டைக் கழற்றி அடினோசினாக விடுவது சிடி73. இரண்டாவது வழி செல்லுக்கு உள்ளே. கடுமையாக உழைக்கும் செல்லில் ஏடிபி செலவாகி, ஏஎம்பி சேர்ந்து, அதிலிருந்து அடினோசின் உண்டாகும். பிறகு அது சவ்விலுள்ள வாயில் வழியாக வெளியேறும்.

அளவைப் பாருங்கள், அங்கேதான் அழகு இருக்கிறது. செல்லுக்குள் ஏடிபி ஏறக்குறைய 3 மில்லிமோலார், அதாவது 30 லட்சம் நானோமோலார். அடினோசினோ சாதாரண நேரத்தில் நூறு நானோமோலார் அளவில்தான் நிற்கும். பணமாக வைத்துக்கொள்வோம். வங்கியில் 30 லட்சம், சட்டைப்பையில் 100 ரூபாய். வங்கிப் பணத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை எடுத்துப் பையில் போட்டால் வங்கிக் கணக்கில் குறைந்ததே தெரியாது, பையில் மட்டும் 3,100 ரூபாய் இருக்கும். ஏடிபியைப் பார்த்து "சக்தி குறைகிறது" என்று கண்டுபிடிப்பதற்குள் செல்லுக்கு நேரம் கடந்துவிடும். அடினோசினைப் பார்த்தால் முதல் சில்லறை செலவானபோதே தெரிந்துவிடும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட உறுப்புக்கு இவ்வளவு நுட்பமான அளவுகோல் அவசியம்தான்.

3. அப்போ இதுவும் டோபமைன், செரட்டோனின் மாதிரி ஒரு நரம்புக் கடத்தி தானே?

இல்லை. தேர்வில் அப்படி எழுதினால் நான் மதிப்பெண் தருவதில்லை. டோபமைனைச் சிறு பைகளில் அடைத்து நியூரானின் நுனியில் தயாராக வைத்திருப்பார்கள், மின்துடிப்பு வந்ததும் பை திறக்கும், எதிரே இருக்கும் செல் அதைப் பெறும். அடினோசினுக்கு அப்படிப் பை கிடையாது. அது இருக்கும் இடத்தில் பரவி, அக்கம்பக்கத்துச் செல்கள் எல்லாவற்றின் பேச்சையும் கொஞ்சம் தணிக்கும், சில இடங்களில் கொஞ்சம் ஏற்றும். இப்படிப்பட்டதை நரம்புப் பண்பேற்றி என்கிறோம். பாடகர் டோபமைன் என்றால், ஒலிப்பெட்டியின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பவர் அடினோசின்.

அதன் தாய்ப் பொருளான ஏடிபி மட்டும் சில நரம்புகளில் உண்மையான கடத்தியாகவே வேலை செய்கிறது. 1972இல் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் இதைச் சொன்னபோது, எல்லாச் செல்லிலும் இருக்கும் எரிபொருள் எப்படிச் செய்தியாகும் என்று பலர் ஏற்க மறுத்தார்கள். காலம் அவர் பக்கம் நின்றது.

4. சேர்ந்துக்கிட்டே போனா என்ன ஆகும்? யாரு அதைச் சுத்தம் பண்றாங்க?

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். சுத்தம் செய்பவர்கள் மூவர். முதலில் சவ்விலுள்ள இஎன்டி1, இஎன்டி2 என்ற வாயில்கள். இவற்றுக்குத் தனி விருப்பம் எதுவும் கிடையாது. அடினோசின் எந்தப் பக்கம் அதிகமோ அங்கிருந்து குறைவான பக்கத்துக்கு விடும். சாதாரண நேரத்தில் செல்லுக்குள் குறைவு, ஆகவே வெளியிலிருந்து உள்ளே போகும். செல் சோர்ந்து உள்ளே அதிகமானால் இதே வாயில் எதிர்த்திசையில் திறக்கும்.

உள்ளே குறைவாகவே வைத்திருப்பது யார் என்றால், அடினோசின் கைனேஸ் என்ற நொதி. உள்ளே வந்த அடினோசினுக்கு ஒரு பாஸ்பேட்டை மாட்டி மறுபடி ஏஎம்பி ஆக்கிவிடும். வளர்ந்த மூளையில் இது பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டுகளில்தான் இருக்கிறது. அடுக்களைத் தொட்டியின் வடிகால் போல நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒரே அளவில் ஒழுகினாலும் வடிகால் அடைபட்டால் தொட்டி நிரம்பும், வடிகால் பெரிதானால் தொட்டி வற்றும். மூளையின் அடினோசின் மட்டத்தை அன்றாடம் தீர்மானிப்பதில் இந்த வடிகாலுக்குத்தான் பெரும்பங்கு. 12ஆம் கேள்வியில் இது மறுபடி வரும்.

மூன்றாவது, அடினோசின் டீஅமினேஸ். இது அடினோசினை ஐனோசின் ஆக்கும், அது படிப்படியாக யூரிக் அமிலம் வரை போகும். அளவு மிதமிஞ்சும்போது இதன் பங்கு கூடும்.

5. ஒரு இடத்துல அடக்குது, இன்னொரு இடத்துல தூண்டுதுன்னு புக்குல போட்டிருக்கு. ஒரே பொருள் எப்படி ரெண்டும் செய்யும்?

பொருள் ஒன்று, ஏற்பிகள் நான்கு: ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3. மூளைக்கு முதல் இரண்டும் போதும். ஏ1 கிட்டத்தட்ட எங்கும் இருக்கிறது, குறிப்பாகப் பெருமூளைப் புறணி, ஹிப்போகேம்பஸ், சிறுமூளை. அடினோசின் அதில் அமர்ந்தால் நரம்பு நுனிக்குள் கால்சியம் வருவது குறையும், குளூட்டமேட் போன்ற தூண்டும் கடத்திகள் வெளிவருவது குறையும். மறுபக்கம் பொட்டாசியம் வாயில்கள் திறந்து செல் எளிதில் துடிக்காமல் அமைதியாகும்.

ஏ2ஏ இதற்கு நேர்மாறு, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூண்டும் செய்திப் பொருளை ஏற்றும். மிக அடர்த்தியாக இருப்பது ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில். அங்கே டோபமைனின் டி2 ஏற்பி இருக்கும் அதே செல்களில் இதுவும் இருந்து, டி2வின் வேலையை எதிர்க்கும். தூண்டப்படும் செல்லின் வேலையே இயக்கத்தையும் விழிப்பையும் அடக்குவது என்றால், அதைத் தூண்டினால் கிடைக்கும் விளைவு அடக்கம்தான். புத்தகத்தில் உள்ள முரண் இவ்வளவுதான்.

6. நைட் டியூட்டி முடிஞ்சு பஸ்ல உட்கார்ந்தா கண்ணைச் சுழட்டுதே, அது இதானா?

பெரும்பகுதி இதுதான். 1997இல் டார்ஜா போர்க்கா-ஹைஸ்கானென் என்ற ஆய்வாளரின் குழு, பூனைகளை 6 மணி நேரம் தூங்கவிடாமல் விழித்திருக்க வைத்து, முன்மூளையின் அடித்தளத்தில் அடினோசினை அளந்தது. விழித்திருக்க விழித்திருக்க ஏறியது, தூங்கவிட்டதும் மெல்ல இறங்கியது. அந்தப் பகுதியில்தான் புறணியை விழிப்பாக வைக்கும் நியூரான்கள் இருக்கின்றன. அடினோசின் அவற்றை ஏ1 வழியாக அடக்குகிறது.

தூக்கத்தில் குறைவது எதனால் என்று அடுத்து கேட்பீர்கள். ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் துடிப்பு குறையும், குழாயில் ஒழுகுவது குறையும், வடிகால் மட்டும் தன் வேலையைத் தொடரும். இன்னொன்றும் உண்டு. தூக்கம் கெட்ட மனிதர்களின் மூளையைப் படமெடுத்தால் ஏ1 ஏற்பிகளே கூடியிருப்பது தெரிகிறது. செய்தியும் கூடுகிறது, கேட்கும் காதும் கூடுகிறது. இரண்டு இரவு தொடர்ந்து விழித்தவருக்கு மூன்றாம் நாள் தாங்க முடியாமல் போவது மனவலிமைக் குறைவால் அல்ல. வார்டில் இதைச் சொல்லி யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள்.

7. விடியற்காலை 4 மணிக்குத் தாங்கல. 8 மணிக்குத் தூங்காமலே தெளிவாயிடுது. நடுவுல அடினோசின் குறைஞ்சிடுச்சா?

குறையவில்லை, கூடியிருக்கும். தூக்கத்தை இரண்டு விசைகள் சேர்ந்து நிர்ணயிக்கின்றன என்று 1982இல் அலெக்ஸாண்டர் போர்பேலி விளக்கினார். ஒன்று விழித்திருந்த நேரத்துக்கு ஏற்பச் சேரும் அழுத்தம், அடினோசின் இந்தக் கணக்கில் வருகிறது. மற்றது உடலின் நாள்கடிகாரம், அது நீங்கள் தூங்கினாலும் தூங்காவிட்டாலும் தன்போக்கில் ஏறி இறங்கும். 4 மணிக்குக் கடிகாரமும் அடித்தட்டில், அழுத்தமும் மேலே. 8 மணிக்குக் கடிகாரம் விழிப்பைத் தூக்கிப் பிடிக்கிறது, வெளிச்சமும் கைகொடுக்கிறது. அந்தத் தெளிவை நம்பி ஸ்கூட்டரை எடுக்காதீர்கள். கைகால் சுறுசுறுப்பாகத் தோன்றினாலும் கவனம் சறுக்கும்.

8. காபி குடிச்சா அடினோசின் அழிஞ்சிடும், அப்படித்தானே?

ஒரு துளிகூட அழியாது. காஃபின் மூலக்கூறின் உருவம் அடினோசினின் ஒரு பகுதியை ஒத்தது. அதனால் ஏ1, ஏ2ஏ இரண்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் ஏற்பியை இயக்காது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். அடினோசின் நின்றுகொண்டே இருக்கும், சேர்ந்துகொண்டும் இருக்கும். காஃபின் இறங்கியதும் காத்திருந்தது எல்லாம் ஒரேயடியாக உட்காரும்.

விழிப்பைத் தருவது இந்த இரண்டில் எது என்பதற்கு எலிகள் பதில் சொன்னன. ஏ2ஏ இல்லாமல் பிறக்கச் செய்த சுண்டெலிகளுக்குக் காஃபின் கொடுத்தும் விழிப்பு கூடவில்லை. ஏ1 இல்லாதவற்றுக்கு வழக்கம்போலக் கூடியது. 2005இல் வந்த ஆய்வு இது.

9. எனக்கு ராத்திரி 9 மணிக்கு ஃபில்டர் காபி குடிச்சாலும் தூக்கம் வருது. எங்க வீட்டுக்காரருக்கு 4 மணிக் காபியே ஆகாது. ஏன்?

காஃபினைக் கல்லீரல் உடைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். சராசரியாக உள்ளே போனதில் பாதி குறைய 5 மணி நேரம் ஆகும். புகைப்பவர்களுக்கு இது சுருங்கும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய இரட்டிக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 15 மணி நேரம் வரைகூடப் போகலாம். கர்ப்பிணிகள் நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஏ2ஏ ஏற்பியின் மரபணுவிலும் சிறு வேறுபாடுகள் உண்டு, சிலருக்குக் கொஞ்சம் காஃபினே தூக்கத்தைக் கலைத்துவிடும்.

தூக்கம் "வருகிறது" என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். படுக்கப் போவதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்குத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது அளந்தே தெரிந்திருக்கிறது.

10. ஏகாதசி அன்னிக்குக் காபி குடிக்கலைன்னா மத்தியானம் தலை வெடிக்குது. பித்தமா?

இது என் மாமியார் கேட்டது. நாள்தோறும் காஃபின் இடம் பிடித்துவைப்பதால், மூளை அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டுவிடுகிறது. ஒரு நாள் காஃபின் வராவிட்டால் அடினோசினின் குரல் வழக்கத்தைவிட ஓங்கி ஒலிக்கும். மூளையின் ரத்தக் குழாய்களை விரிப்பதும் அடினோசினின் வேலை. காஃபின் அவற்றைச் சுருக்கி வைத்திருந்தது, தடை நீங்கியதும் விரிகின்றன, தலை இடிக்கிறது. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் ஒன்பது நாளில் அடங்கும். விரதத்துக்கு நாலைந்து நாள் முன்பிருந்தே டம்ளரைச் சின்னதாக்கச் சொன்னேன். கேட்டார், தலைவலி வரவில்லை.

11. குடிச்சா தூக்கம் வருதே, அதுவும் அடினோசினா?

ஓரளவு ஆம். சாராயம் 4ஆம் பதிலில் சொன்ன இஎன்டி1 வாயிலை அடைக்கிறது, வெளியே அடினோசின் தேங்குகிறது. சீக்கிரம் கண் சொருகும். இரவின் பின்பாதியில் மது உடைந்து தீர்ந்ததும் தூக்கம் துண்டுதுண்டாகும். தூக்க மருந்தாக இதை நினைப்பவர்களிடம் இந்தப் பின்பாதியைச் சொல்லுங்கள்.

12. வலிப்பு நோய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

நெருங்கிய சம்பந்தம். வலிப்பின்போது நியூரான்கள் கூட்டமாகத் துடிக்கும், ஏடிபி கரையும், அடினோசின் கிடுகிடுவென ஏறும். ஏ1 வழியாக அது துடிப்பை அணைக்கும். பல வலிப்புகள் தாமாகவே நிற்பதில் இதற்குப் பங்கு உண்டு.

நாள்பட்ட வலிப்பு நோயில் சிக்கல் வடிகாலில் இருக்கிறது. பாதிக்கப்பட்ட இடத்தில் ஆஸ்ட்ரோசைட்டுகள் பெருத்து, அடினோசின் கைனேஸும் பெருகுகிறது. அடினோசின் வற்றுகிறது, அணைக்க ஆள் இல்லை. டெட்லெவ் பாய்சன் என்ற ஆய்வாளர் இந்த நொதியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள குழந்தைகளுக்குத் தரும் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவு வேலை செய்வதில், அடினோசினின் ஏ1 தடம் ஒரு பங்கு வகிப்பதாக எலிகளில் தெரிந்திருக்கிறது. மறுபக்கமும் பாருங்கள்: ஆஸ்துமாவுக்குத் தரும் தியோபில்லின் காஃபினின் உறவு. அதன் அளவு எல்லை மீறினால் வலிப்பு வரும்.

13. பக்கவாதத்துல மூளைக்கு ரத்தம் நின்னா அடினோசின் ஏறுமாமே. அது நல்லதா, கெட்டதா?

முதல் நிமிடங்களில் நல்லது. ஏடிபி சரிய, அடினோசின் பல மடங்கு ஏறி, குளூட்டமேட்டைக் கட்டுப்படுத்தி, செல்களின் செலவைக் குறைத்து, ரத்தக் குழாயை விரித்து, இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பார்க்கும். ஆனால் ஏ2ஏ பக்கம் அப்படியல்ல. நேரம் நீள நீள அது குளூட்டமேட்டைக் கூட்டவும் அழற்சியில் கைவைக்கவும் செய்கிறது. ஏற்பி, இடம், நேரம் மூன்றையும் சொல்லாமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது. உறவினர்கள் கேட்டால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: இந்தத் தற்காப்பு கொஞ்ச நேரத்துக்குத்தான், உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

14. ஐசியூல அடினோசின் ஊசி போட்டோம். பேஷன்ட் தூங்கவே இல்லையே, பயந்துல்ல போனாரு?

படபடவென்று ஓடும் ஒருவகை இதயத் துடிப்பை நிறுத்தப் போடுவது அது. 6 மில்லிகிராமை ஒரே தள்ளாகத் தள்ளி, பின்னாலேயே உப்புநீரைச் செலுத்துவீர்கள். மானிட்டரில் சில நொடி நேர்கோடு ஓடும். நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, "என்னமோ பண்ணுது" என்பார். அந்தச் சில நொடிகளை முன்கூட்டியே சொல்லி, கையைப் பிடித்துக்கொள்வது நர்ஸின் வேலை. அரை நிமிடத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிடும், ஏனென்றால் சிவப்பணுக்களும் ரத்தக் குழாயின் உட்சுவரும் அதை 10 நொடிக்குள் பாதியாக்கிவிடுகின்றன. ரத்தத்திலிருந்து மூளைக்குள் அது எளிதில் நுழைவதும் இல்லை. தூக்கம் வராததற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

ரத்தம் உறைவதைத் தடுக்கத் தரும் டைபிரிடமோல் எடுப்பவரா என்று கேட்பது ஏன் என்பதும் இப்போது புரியும். அந்த மருந்து 4ஆம் பதிலின் வாயில்களை அடைப்பதால் அடினோசினின் வேகம் பன்மடங்காகும். காபி, டீ குடித்தவருக்கு எதிர்மாறாக மருந்து சரியாகப் பிடிக்காது.

15. குறைமாதக் குழந்தைக்குக் காஃபின் கொடுக்கறாங்களே, பச்சைப் பிள்ளைக்குக் காபியா?

முப்பது வாரத்தில் பிறந்த குழந்தை மூச்சுவிட மறந்துவிடும். அதன் மூச்சு மையத்தை அடினோசின் அடக்குகிறது. காஃபின் சிட்ரேட் அந்தத் தடையை எடுத்துவிடும். அந்தக் கல்லீரல் இன்னும் முதிராததால் காஃபின் நாட்கணக்கில் உடலில் தங்கும், ஆகவே ஒரு நாளைக்கு ஒரு தடவை கொடுத்தாலே போதும். பெற்றோர் பதறினால் இந்த விளக்கத்தைச் சொல்லுங்கள், பெரும்பாலும் முகம் தெளியும்.

16. பார்க்கின்சன் வராம இருக்க காபி குடிக்கலாமா?

காபி குடிப்பவர்களிடம் இந்த நோய் குறைவாகக் காணப்படுவது உண்மை. ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2000இல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. ஆனால் இது ஒட்டுறவுதான், காபிதான் காத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 5ஆம் பதிலில் சொன்ன ஏ2ஏ, டி2 எதிர்ப்பை வைத்து, ஏ2ஏவை அடைக்கும் இஸ்ட்ரடெஃபிலின் என்ற மருந்து வந்தது. ஜப்பானில் 2013இலும் அமெரிக்காவில் 2019இலும் அனுமதி பெற்றது. இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் லெவோடோபாவுடன் சேர்த்துத் தருகிறார்கள், அதற்கு மாற்றாக அல்ல.

17. அப்போ அடினோசினை ஏத்துற மாத்திரை ஒண்ணு செஞ்சா தூக்கமே வராதவங்களுக்கு விடிவு வந்துடாதா?

கூர்மையான கேள்வி, இறுதியாண்டு மாணவி ஒருத்தி கேட்டது. தடை என்னவென்றால் ஏ1 இதயத்திலும் இருக்கிறது. ஏ1ஐ இயக்கும் பொருளை உடலெங்கும் பரவவிட்டால் துடிப்பு விழும், ரத்த அழுத்தம் இறங்கும், உடல் வெப்பமும் குறையும். வடிகாலை அடைத்தாலும், அடைப்பு ஓர் இடத்தோடு நிற்காது. தேவையான மூலையில், தேவையான நேரத்தில் மட்டும் ஏற்ற வேண்டும், மூளை அதைத்தான் தானே செய்துகொள்கிறது.

அதோடு ஏற்பிகளின் உணர்வும் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஆர்க்டிக் தரை அணில் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் உறங்கும். 2011இல் அலாஸ்கா ஆய்வாளர்கள் ஏ1ஐ இயக்கும் ஒரு மருந்தை அந்த அணில்களின் மூளைக்குள் செலுத்தினார்கள். உறக்கப் பருவத்தில் கொடுத்தபோது அவை சுருண்டு, உடல் குளிர்ந்து, உறங்கிப்போயின. அதே மருந்தைக் கோடையில் கொடுத்தபோது ஒன்றுகூட அந்த உறக்கத்துக்குப் போகவில்லை.